சம்பள வரிசையில் வந்த கதிர்வீச்சு

சாலியமங்கலம் வருவதற்குள் மழை இரண்டு தரம் பிடித்து இரண்டு தரம் விட்டது. தோளில் பை. பைக்குள் இரண்டு வேட்டி, ஒரு தட்டு. தஞ்சாவூர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நீடாமங்கலம் வரை நடந்துவிட்டால் அங்கே எந்த ரயில் நிற்கிறதோ அதில் ஏறிக்கொள்வது என்று கிளம்பியிருந்தேன். கார்த்திகை மாதம். சாலையின் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்காமல் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். தோல் எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் பழைய கோபால்ட் மெஷினைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்திருக்கும் மெஷினில் சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுபோகும். அங்கே பயிற்சிக்கு வந்திருக்கும் மருத்துவ இயற்பியல் பிள்ளைகள் என்னைத் தேடி வந்து, "அந்தக் காலத்துல ஆபத்துன்னா என்ன செய்யணும்னு எப்படி ஐயா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனிடம் எம்.எஸ்சி. படித்தவர்கள் கேட்கிறார்கள். அந்த அறையிலேயே என் காலம் போனதால் கேட்கிறார்கள். சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நான் எதிலும் நிலைத்தவன் கிடையாது. வேதாரண்யத்தில் உப்பு வாரினேன். கால் வெடித்துப் புண்ணானதும் கிளம்பினேன். பேராவூரணியில் தேங்காய் உரித்தேன். பிறகு சாலியமங்கலம் பக்கத்தில் ஒரு மிராசுதார் பண்ணைக்கு அறுப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். உள்ளூர் ஆட்கள் கூலி உயர்வு கேட்டு அரிவாளைக் கீழே வைத்திருக்கிறார்கள் என்பது வயலில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. வரப்பில் சிவப்புக் கொடியோடு நின்றவர்கள் எங்களை அடிக்கவில்லை. "எங்க சோத்துல கைய வெக்கிறீங்களே, நாயமா?" என்று கேட்டார்கள். அரிவாளை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தபோது, ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் வேண்டும் என்றார்கள். தற்காலிக அட்டெண்டர். கோபால்ட் அறையில் போட்டார்கள். அங்கே வேறு யாரும் போகமாட்டேன் என்றதால் அந்த இடம் காலியாக இருந்தது.

அங்கே இயற்பியலாளராக இருந்தவர் ஜமால் சார். அதிராம்பட்டினத்து வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடையில் உட்கார, இவர் மட்டும் இயற்பியல் படித்து, பம்பாயில் பயிற்சி முடித்து வந்தவர். நோயைப் பார்ப்பது டாக்டர். எவ்வளவு கதிர், எந்தக் கோணம், எத்தனை நிமிடம் என்று கணக்குப் போடுவதும், மெஷின் ஏதாவது செய்துவிட்டால் முதலில் போய் நிற்பதும் இவர். யாரையும் அதட்ட மாட்டார். கோபம் வந்தால் சட்டைப் பையிலுள்ள பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மாட்டுவார். அது இரண்டு தரம் நடந்தால் நாங்கள் அறையை விட்டுப் போய்விடுவோம்.

எங்களுக்கு எல்லாம் அவர்தான் பாடம் எடுத்தார். எங்கள் பிரிவில் ஆறு பேர் மார்பில் ஃபிலிம் பேட்ஜ் குத்தியிருப்போம். நாங்கள் வில்லை என்போம். உள்ளே ஒரு துண்டு ஃபிலிம் இருக்கும். மாதம் முடிந்ததும் பம்பாய் ஆய்வகத்துக்குப் போகும். கதிர் பட்டிருந்தால் ஃபிலிம் கறுத்திருக்கும், எவ்வளவு கறுத்திருக்கிறதோ அதை வைத்துக் கணக்குச் சொல்வார்கள். வேலை முடிந்தால் வில்லையைக் கழற்றிக் கதவுக்கு வெளியே பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

அந்தக் கார்த்திகையில் பம்பாயிலிருந்து தந்தி வந்தது. ஆறு பேரில் ஐந்து பேருக்கு அளவு மீறிவிட்டது, காரணம் தெரியும்வரை அறையை மூடுங்கள்.

பெரிய டாக்டர் அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஜமால் சார் எங்களை வராந்தாவில் கூட்டி நிறுத்தினார்.

"பெரிய டாக்டர் இந்த ரூமுக்குள்ள மாசத்துக்கு ஒரு தடவ எட்டிப் பாத்தா ஜாஸ்தி. அவருக்குத்தான் எல்லாரையும் விட அதிகம். அடுத்து நான். அப்புறம் சின்ன டாக்டர். அப்புறம் கமலம் சிஸ்டர். கடைசியா செல்லையா. நாள் பூரா மெஷின்கிட்டயே நிக்கிற இளவழகனுக்கு ஒண்ணுமே இல்ல. மேலேருந்து கீழ வரைக்கும் அப்படியே சம்பள வரிசை. இந்தக் கோபால்ட்டுக்கு யாருப்பா அரசாங்க உத்தியோகம் குடுத்தது?"

செல்லையா நான்தான். மெஷினை ஓட்டும் டெக்னீஷியன் இளவழகன் மட்டும் சிரித்தார். அவர் கறுப்புச் சட்டைக்காரர். பெற்றோர் வைத்த சாமி பெயரை மாற்றிக்கொண்டவர். என்னைத் 'தோழர்' என்றுதான் கூப்பிடுவார்.

"வில்லைய உள்ள விட்டுட்டு யாராச்சும் மெஷின ஓட்டினீங்களா? தப்பில்ல, சொல்லுங்க," என்று கேட்டார் ஜமால் சார்.

யாரும் ஓட்டவில்லை. கமலம் சிஸ்டர், "நான் இந்த வேலைக்கு வந்து இருபது வருசத்துக்கு மேல ஆச்சு சார், அப்படியெல்லாம் செய்வேனா?" என்றார். இளவழகன் கூரையைப் பார்த்தார்.

நாங்கள் ஐந்து பேரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். எனக்கு அதைவிட அஞ்சலை அக்காவை அனுப்பிவைத்ததுதான் கண்ணில் நின்றது. சாலியமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். வயல்வேலை. கருப்பை வாயில் புற்று. குறுவை அறுப்பில் நடந்த கூலித் தகராறில் புருஷன் கோவிந்தன் ஜெயிலில் இருந்தார். ரத்தம் குறைவு என்று புரட்டாசியிலேயே வார்டில் சேர்த்து, உடம்பைத் தேற்றி, தீபாவளிக்குப் பிறகுதான் கதிர் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பாதி ஆகியிருந்தது. "சொல்லி அனுப்பறோம், போய்ட்டு வாங்க" என்று மூட்டையைக் கையில் கொடுத்தார்கள். சென்னைக்கோ மதுரைக்கோ போகலாம் என்று சொல்லப்பட்டது. அவர் அதைக் கேட்டு, சந்திரனுக்குப் போகச் சொன்ன மாதிரி பார்த்தார்.

அவர் போனதும் ஜமால் சாரிடம் கேட்டேன்.

"பாதியில நிறுத்தினா என்னா சார்?"

"கொஞ்ச நாள் தாங்கும் செல்லையா. அதுக்கு மேல போச்சுன்னா, செத்தது போக மிச்சம் இருக்கிற கட்டி மறுபடி கிளம்பிடும். இது வரைக்கும் குடுத்தது பூரா வீண். திரும்ப முதல்லேருந்து குடுக்கவும் முடியாது, ஒடம்பு தாங்காது." பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். ஒரு தரம்தான். ஆனாலும் நான் நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் தற்காலிக ஆட்கள் வர வேண்டாம் என்றார்கள். எனக்கு வழக்கமான பாதை தெரியும். பையைத் தூக்கினேன்.

இப்படி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே போகும்போதுதான் வயலிலிருந்து குரல் வந்தது.

"ஏ, வெளியூரு! எங்க ஊர் வழியா எப்பப் போனாலும் ஓட்டமாத்தான் போவியா?"

களை எடுக்கும் வரிசையில் ஒருத்தி நிமிர்ந்து நின்றாள். அஞ்சலை அக்கா. அரிவாளைப் போட்டுவிட்டுப் போனவன் நான்தான் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டவர். அதிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான்.

"ஒடம்ப வெச்சுக்கிட்டு தண்ணியில எறங்கியிருக்கியே அக்கா."

"வூட்டுல ஒக்காந்தா ஒடம்பு சரியாப் போயிடுமா? ரூம்பத் தொறந்துட்டாங்களா?"

"இல்லக்கா."

"அப்ப நீ எங்க போற?"

"தெரியல. என் வில்லையும் கறுத்துப் போச்சாம். ஒடம்புல கதிர் ஏறியிருக்குன்னு சொல்றாங்க."

அவர் வரப்பில் ஏறி, சேலை முந்தானையில் கையைத் துடைத்தார். "எந்த வில்லை? ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சாங்களே, அதா?"

"என்னா பொட்டு?"

"ஒனக்குத் தெரியாதா? நீ அப்ப ஊர்லயே இல்லல்ல. அந்தப் பெரிய சிஸ்டரு பலகையில மாட்டியிருந்தத எல்லாம் எடுத்து, சந்தனம் குங்குமம் வெச்சு, மெஷினு தலையில அடுக்கி வெச்சாங்க. வார்டுல சும்மாதானே கெடந்தேன், நான்தான் செவ்வந்தி கட்டிக் குடுத்தேன். பெரிய டாக்டரோடது நடு உச்சியில. மத்தவங்களோடது ஒண்ணொண்ணா எறங்கி எறங்கி. ஒன்னோடது கோடியில, வுழுந்துடற மாதிரி இருந்துச்சு. அந்தக் கறுப்புச் சட்டைக்காரரு மட்டும் என்னோடதத் தொடாதீங்கன்னுட்டாரு. விசயதசமி அன்னைக்குக் காலையிலதான் எறக்கினாங்க."

எனக்குக் கணக்கு வராது. ஆனால் பெரிய டாக்டர் நடுவில், நான் கோடியில் என்று கேட்டதும் ஜமால் சார் சொன்ன சம்பள வரிசை காதுக்குள் வந்து நின்றது.

"அக்கா, இத ஜமால் சார்ட்ட வந்து சொல்றியா? இப்பவே."

"களைய வுட்டுட்டு எப்படி வர்றது? நாளைக்கு வேற ஆளப் போட்டுடுவான்."

வரிசையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "போய்ட்டு வாடி. ஒன் மொனைய நாங்க புடிச்சுக்கறோம். அங்க கெடந்து பொழைக்காம இங்க வந்து புல்லு புடுங்குறா."

பஸ்ஸில் வரும்போது அவர் கால் சேறு காய்ந்து வெளுத்தது. கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா பார்த்த பார்வையில் டிக்கெட்டை மட்டும் கிழித்தார்.

ஜமால் சார் மேசையில் ஒரு தாளும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வா செல்லையா. பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டேன். ஃபிலிம்ல நிழல் எப்படி இருக்குன்னு கேட்டேன்" என்று ஆரம்பித்தார். வில்லைக்குள் ஃபிலிமுக்கு முன்னால் சின்ன உலோகத் தகடுகள் இருக்கும். அவற்றின் நிழல் ஃபிலிமில் விழும். மனுஷன் மாட்டிக்கொண்டு திரிந்தால் அசைவில் நிழல் கலங்கும். இங்கே ஐந்து ஃபிலிமிலும் கத்தியால் வெட்டிய மாதிரி நிழல் இருக்கிறதாம்.

"வில்லை எங்கேயோ அசையாம ஒக்காந்திருந்திருக்கு. ஒடம்புல ஒண்ணும் ஏறல. இத நான் நம்பறேன். எங்கேன்னு காட்டாம அவங்க எப்படி நம்புவாங்க? யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க."

"இந்தக்கா சொல்லும் சார்," என்றேன்.

அஞ்சலை அக்கா சொன்னார், வயலில் சொன்ன மாதிரியே, செவ்வந்தி கட்டிக் கொடுத்தது உட்பட. சொல்லி முடிப்பதற்குள் கமலம் சிஸ்டர் கதவருகே வந்து நின்றுவிட்டார். அவர் முகம் விழுந்துவிட்டது. அரசாங்க அலுவலகத்தில் சாமி படமோ பூஜையோ கூடாது என்று உத்தரவு வந்திருந்த காலம். படத்தைத்தான் கழற்றினார்களே தவிர, ஆயுத பூஜை அன்று மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் இருக்க யாருக்கும் மனசு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு செய்துவிட்டார்கள். சிஸ்டருக்கு மறு வருஷம் ஓய்வு.

"மெஷின் ஆஃப்லதானே சார் இருந்துச்சு?" என்று அழ ஆரம்பித்தார். "ஆஃப்ல இருந்தா ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க? நாம கும்புடறது மெஷினை மட்டுமா, நம்மள காப்பாத்தறது அந்த வில்லைதானேன்னு எல்லாருதையும் சேத்து வெச்சேன்."

ஜமால் சார் பேனாவைத் தொடவே இல்லை.

"அழாதம்மா. தப்பு என் பாடத்துல இருக்கு. கோபால்ட்டுக்கு ஆஃப் கெடையாது. அது ராத்திரி பகல் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். நாம ஈயத் தலைக்குள்ள தள்ளி மூடி வெக்கிறோம், அவ்வளவுதான். எட்டி நின்னா ஒண்ணும் தெரியாது. தலையோட ஒட்டி ஒரு ராத்திரி பூரா வெச்சா கசியறது சேந்துபோகும். 'மூடியிருக்கு'ன்னு சொல்லித் தந்திருக்கணும். வாய்க்கு லேசா இருக்கேன்னு 'ஆஃப்'னு சொல்லித் தந்துட்டேன்." பிறகு என்னவோ நினைவு வந்தவர் போல, "விஜயதசமி கழிச்சு ஊர்லேருந்து வந்தப்ப என் மேசையில பொரிகடலை இருந்துச்சு. தின்னுட்டேன். எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேனா பாரு" என்றார்.

இளவழகன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "பூஜை நடந்தது எனக்குத் தெரியும் சார். அதுதான் காரணமா இருக்குமோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. நான் சொன்னா, கறுப்புச் சட்டைக்காரன் காத்திருந்து காட்டிக் குடுத்துட்டான்னு ஆயிடும். சிஸ்டரே சொல்லட்டும்னு இருந்தேன்."

"அடப்பாவி," என்றார் சிஸ்டர், மூக்கைச் சிந்திக்கொண்டே. "நீ மேல எழுதிப் போட்டுடுவேன்னு நெனச்சு நான் மூணு நாளா சோறு திங்கல."

"எழுதறதா இருந்தா அன்னைக்கே எழுதியிருப்பேன். சுண்டல் நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

பெரிய டாக்டரிடம் சாவி வாங்கி அறையைத் திறந்தார்கள். ஜமால் சார் கதிர் அளக்கும் மீட்டரோடு முன்னால் போனார். கையை நீட்டிப் பிடித்து, முள்ளைப் பார்த்து, ஓர் அடி வைப்பார். மறுபடி பார்ப்பார். மெஷின் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்று, "சிஸ்டர், பெரிய டாக்டரோடது எங்க?" என்று கேட்டார். சிஸ்டர் கதவோரத்தில் நின்று கைகாட்டினார். அந்த இடத்தில் மீட்டரை வைத்தார். இளவழகன் கரும்பலகையில் எழுதினார். "அடுத்து என்னோடது?" அதன்பின் சின்ன டாக்டர். அதன்பின் சிஸ்டர். என் இடத்துக்கு வரும்போது முள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஈயம் எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் இல்லை. உச்சியில் கொஞ்சம் மெலிசு. பெரிய டாக்டருக்கு மரியாதை செய்வதாக நினைத்து, அதிகம் கசியும் இடத்தில் கொண்டுபோய் அவரை வைத்திருக்கிறார்கள்.

பலகையில் எழுதிய அளவுகளை வில்லைகள் அங்கே இருந்த நேரத்தால் பெருக்கினார். தந்தியில் வந்த எண்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதோடு விடவில்லை. கையிருப்பில் இருந்த புது வில்லைகளை அதே இடங்களில் வைத்து, மறுநாள் எடுத்து, பம்பாய்க்குப் போகும் ஒருவர் கையிலேயே கொடுத்தனுப்பினார். எங்கள் ரத்தப் பரிசோதனையிலும் குறை ஒன்றும் இல்லை. விளக்கம் எழுதும்போது பெரிய டாக்டர், "ஏன் அங்க வெச்சீங்கன்னு கேட்டா என்ன எழுதுவீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"விடுமுறையில பத்திரமா இருக்கட்டும்னு வெச்சாங்கன்னு எழுதிட்டேன் சார். சிஸ்டர் மனசுல இருந்தது அதுதானே?"

அனுமதி வரும்வரை அஞ்சலை அக்காவைக் கமலம் சிஸ்டர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். நான் பழையபடி ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கொண்டேன். ஜமால் சார் தினமும் காலையில் நாள்காட்டியைப் பார்ப்பார், பேனாவைத் தொடுவார், விடுவார். அனுமதித் தந்தி வந்த நாளில் தபால்காரரிடமிருந்து அதை வாங்கி, பிரித்துப் படித்துவிட்டு, அக்காவை அழைத்துவரச் சிஸ்டரை அனுப்பி, ஸ்ட்ரெச்சரைத் தானே தள்ளிக்கொண்டு வாசல் பக்கம் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"நாள் தாண்டிடுச்சா சார்?"

"இல்ல. கொஞ்சம் கூட்டிக் குடுத்தா ஈடு கட்டிடலாம். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

அன்று மாலை அக்காவை மெஷினுக்கு அடியில் படுக்க வைத்து, இடுப்பில் பட்டையைக் கட்டினேன். ஜமால் சார் குனிந்து, கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரையே பார்த்தார்.

"சார், இதுக்கு ஆஃப்பு கெடையாதுன்னீங்களே. நான் உள்ள கெடக்கும்போது அந்த மூடி மூடாம நின்னுடுச்சுன்னா?"

"நான் உள்ள வந்து ஒங்கள வெளிய இழுத்துட்டுப் போயிடுவேம்மா. அப்புறந்தான் மெஷின்."

"நீங்க அதிராம்பட்டினம் போயிருந்தீங்கன்னா?"

ஜமால் சார் இளவழகனைப் பார்த்தார். இளவழகன் என்னைப் பார்த்தார். எங்களில் யாரும் ஒரு தரம்கூட அதைச் செய்து பார்த்ததில்லை. பாடம் கேட்டிருந்தோம், அவ்வளவுதான். "நல்லாக் கேட்டீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அக்காவின் சிகிச்சை பொங்கலுக்கு முன்பே முடிந்தது. கட்டி கரைந்தது. அதற்கும் முன்னால் கோவிந்தன் வெளியே வந்துவிட்டார். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பிறகு எத்தனையோ வருஷம் அக்காவை வயலில் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று மாலை அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கதிர் கொடுத்து முடிந்து, மூடி ஒழுங்காக மூடியதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

"செல்லையா, நீ ஊருக்குக் கெளம்பிட்டியோ?" என்று கேட்டார் ஜமால் சார்.

"தற்காலிக ஆளு வேண்டாம்னாங்களே சார்."

"நான் பேசிக்கறேன். மெட்ராஸ்லேருந்து ரெண்டு பேரு பயிற்சிக்கு வந்திருக்காங்க. நாளைக்குக் காலைல வா. மெஷின்லேருந்து ஆள வெளிய இழுக்கப் பழகணும். படுக்க ஆள் வேணும்."

"மணல் மூட்டை இருக்கே சார்?"

"மூட்டைய வெச்சுப் பழகினா மூட்டைய இழுக்கத்தான் பழகுவானுங்க. மூட்டை பயப்படாது."

காலையில் போனேன். மீட்டரை என் கண்ணெதிரே மெஷினைச் சுற்றிக் காட்டி, மூடியிருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு படுத்தேன். என் இடுப்பில் பட்டையைக் கட்டினார். "நீ இப்ப செல்லையா இல்ல. ரத்தம் கொறஞ்ச ஒடம்பு. எழுந்திரிக்கத் தெம்பு இல்ல. மூடி மூடல, தலைக்கு மேல சிவப்பு விளக்கு அணையல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மணி அடித்தது. புதுச் சட்டை போட்ட இரண்டு பேர் ஓடிவந்து, நேராக மெஷினிடம் போய் அதன் தலையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"மெஷின் எங்கயும் ஓடாது தம்பி," என்று கதவருகிலிருந்து சத்தம் வந்தது. "ஆளு அங்க கெடக்கு. செவுத்த ஒட்டி வாங்க, கதிர் விழுற வழியில தலைய நீட்டாதீங்க. பட்டைய அவுங்க, ஆளத் தூக்குங்க, போங்க. திரும்பவும்."

அவர்கள் வெளியே போனார்கள். கதவு மூடியது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"செல்லையா, சும்மா கெடக்காத. கத்து. அந்தம்மா கத்துவாங்க."

மணி அடித்தது. கத்தினேன். முதலில் கொஞ்சம் வெட்கமாக, அப்புறம் நிஜமாகவே. காலடிகள் சுவரை ஒட்டி வந்தன. ஒரு கை நீண்டது. அது மெஷின் பக்கம் போகாமல் என் இடுப்புப் பட்டையைத் தேடி வந்தது.